திரும்பிப் போகாத டச்சுக்காரர்

1

நெதர்லாந்தில் நாங்கள் இருக்கும் டவுனில் வருடத்துக்கு ஒரு தடவை, செப்டம்பர் மாசம், பழைய கட்டடங்களையெல்லாம் டிக்கெட் இல்லாமல் திறந்துவிடுவார்கள். கோட்டைச் சுவர், காவல் வாசல், கோதுமை அரைத்த காற்றாலை, மணிக்கூண்டோடு நிற்கும் பெரிய சர்ச் என்று ஒன்றையும் விடாமல் சனம் ஏறி இறங்கும். மத்தியகாலத்து ஊர், மத்தியகாலத்து ஊர் என்று அவர்கள் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வதைக் கேட்டு எனக்குக் காது புளித்து வெகுநாளாகிறது. ஒரு செங்கல் கொஞ்சம் பழசாக இருந்துவிட்டால் போதும், அதற்கு ஒரு பலகை, பலகைக்கு ஒரு விளக்கு!

போன சனிக்கிழமையும் அப்படித்தான். சர்ச் வாசலில் கேய்ஸ் நின்று கூட்டத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கேய்ஸ் லத்தீன் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். பெண்சாதி இறந்த பிறகு காசு வாங்காமல் ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான் அவருக்கு வேலை. அன்றைக்குச் சுவரைப் பற்றிச் சொல்லாமல், கிழக்கே கப்பலேறிப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்ட ஒரு கப்பித்தானைப் பற்றிச் சொன்னார். "அது எந்த ஊர்?" என்று ஒரு அம்மா கேட்டாள். கேய்ஸ் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைக் கைகாட்டி, "அவரிடம் கேளுங்கள், அவருடைய ஊர்" என்றார். அத்தனை தலையும் திரும்பிற்று.

நான் அங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் சூப்பு வைக்கிறவள். என்னைத் திரும்பிப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கன்னியாகுமரி மாவட்டம், புலியூர்க்குறிச்சி" என்று முழுசாகத் தமிழிலேயே சொன்னேன். விளங்கினால் விளங்கட்டும், விளங்காவிட்டால் எழுதிப் படிக்கட்டும்!

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு என்றால், புலியூர்க்குறிச்சிக் கோட்டைச் சுவரை ஒட்டிப் பஸ்ஸில் போகும்போது ஒரு நாளும் தலையைத் திருப்பாத நம்ம ஊர்க்காரர்களுக்கு.

2

என் பெயர் சுகிர்தா. அதே மாவட்டத்து மார்த்தாண்டத்துக்காரி. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்துப் பிறகு ராட்டர்டாம் துறைமுகப் பட்டறையில் நிலைத்தவர். நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது மகள் ஷைனி கைக்குழந்தை. இருக்க வீடு சரியில்லை, தாளும் முத்திரையும் ஒன்றும் நேராகவில்லை. குழந்தையை ஜெபராஜ் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லை. ஆறு வயசு வரைக்கும் ஷைனி அவர்கள் வீட்டுப் பிள்ளையாகத்தான் வளர்ந்தாள். அண்ணன் ஹார்ட்வேர் கடையில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்துத்தான் அவளுக்குச் சோறு ஊட்டுவார்.

இந்த நாட்டு ஆபீஸ்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முதல் நாள் முனிசிபாலிட்டியில், "குடும்பப் பெயர் என்ன?" என்றாள் ஒருத்தி. அப்படி ஒன்று இல்லையம்மா, அப்பா பேரில் முதல் எழுத்துதான் என்றேன். எழுத்தைக் குடும்பமாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டாள். கடைசியில் அப்பா பெயரையே குடும்பமாக்கினார்கள். இன்றைக்கும் தபால்காரனுக்கு நான் திருமதி துரைமணி! பெற்ற அப்பனுக்கே பெண்சாதியாக்கிவிட்டானே என்று வீட்டுக்காரர் சிரியோ சிரியென்று சிரித்தார்.

ஷைனி இங்கே வந்து வளர்ந்து, பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் டச்சிலேயே முடித்தாள். அவள் தமிழ் ஆறு வயசில் எங்கே நின்றதோ அங்கேயே நின்றுவிட்டது. பேசவே மாட்டாள். பேசினால் மார்த்தாண்டத்துச் சின்னப்பிள்ளை பேசுகிற பேச்சு வரும்.

அவள் பட்டம் வாங்கியபோது அண்ணன் வருவதாக இருந்தது. கோட்டு தைத்தாயிற்று. விசாவுக்குப் போட்டதில் இல்லையென்று தாள் வந்தது. காரணம், இந்த ஆள் போனால் திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லையாம்! யாரை? மார்த்தாண்டம் ஜங்ஷனில் சொந்தக் கடையும், ஊரில் தென்னந்தோப்பும், சபையில் கமிட்டிப் பொறுப்பும் உள்ள மனுஷனை. எனக்கு வயிறு எரிந்தது. அண்ணன் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"பிள்ளகிட்ட இத சொல்லாத. அவ படிச்சு வளந்த நாடு. அவளுக்குக் கொறச்சலா இருக்கும். எனக்கு சுகரு கூடிப்போச்சுன்னு சொல்லு."

அண்ணன் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஷைனி முகம் சுருங்கிப்போயிற்று. "மாமாக்கு கடதான் பெருசு" என்றாள். அதன் பிறகு ஊருக்குப் போன் போட்டால் அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

3

பிறகு ரூபன் வந்தான். கேய்ஸின் ஒரே மகன். ரூபன் என்றதும் நம்ம வேதாகமப் பேருல்லா என்று மதினிக்கு மகா சந்தோஷம். நல்ல பையன்தான். முதல் தடவை வீட்டுக்கு வந்து, "சுகிர்தா, காப்பி நன்றாக இருக்கிறது" என்றானே, எனக்குத் தேகம் முழுக்கக் கூசிப்போயிற்று. பெண்ணைக் கேட்டு வருகிறவன் மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்! இந்த ஊரில் கிழவன், குழந்தை எல்லாருக்கும் பேர்தான். பழகிக்கொண்டேன்.

கல்யாணப் பேச்சு வந்ததும் ஷைனி எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிட்டாள். கேய்ஸ் கதை சொல்லும் அந்தப் பெரிய சர்ச்சில் கல்யாணம், கோட்டைச் சுவர் பக்கம் போட்டோ. மே மாசத்தில் நாள் பார்த்துக்கூட வைத்துவிட்டார்கள்.

"நம்ம ஊர்ல வைக்கலாம் மக்கா, நம்ம சர்ச்சுல" என்றேன்.

"அங்க என்ன இருக்கு? கடயும் பஸ்ஸும்தானே இருக்கு?"

"தாய்மாமன் எடுத்துக் குடுக்குற சீலய உடுக்காம எங்க குடும்பத்துல ஒரு பெண்ணும் படி இறங்கினதில்ல."

"மாமாதான் வரமாட்டாவளே" என்று அவள் முடித்துவிட்டாள்.

அண்ணனிடம் இன்னொரு தடவை விசாவுக்குப் போடச் சொல்லிப் பார்த்தேன். "படியேறிக் கேட்டு இல்லன்னு சொன்ன வீட்டுக்கு ரெண்டாந்தடவ போறவன் நானில்ல. நீ போட்டோ அனுப்பு" என்றார். அந்தக் குரலைக் கேட்டபின் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. வளர்த்த மனுஷன் இல்லாமல் பிள்ளைக்குக் கல்யாணம். இவள் தமிழ்போல அதுவும் ஒரு இடத்தில் நின்றுபோக வேண்டியதுதானா?

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் முடிந்தால் வீடு காணப் போவது என்று ஒன்று உண்டே. பெண் வளர்ந்த வீட்டை மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துச் சாப்பிட்டுப் போகாமல் கல்யாணம் நடக்காது என்று ஒற்றைக் காலில் நின்றேன். கேய்ஸிடம் போய், "உங்கள் ஊரைவிட எங்கள் ஊர் பழசு, வந்து பாருங்கள்" என்றும் அளந்துவிட்டேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். மனுஷன் கண் விரிந்தது. "எவ்வளவு பழசு?" என்றார். மெய்யாகச் சொன்னால் எனக்கே தெரியாது. மார்த்தாண்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், பக்கத்திலிருக்கும் சிதறால் மலைகூட ஏறியதில்லை! வாய்க்கு வந்த வேகத்தில், "உங்கள் சுவர் குழந்தை" என்றேன்.

4

2010 டிசம்பர் கடைசியில் வந்து இறங்கினோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நான், ஷைனி, ரூபன், கேய்ஸ், நாலு பேர்தான். வீடு மெயின் ரோட்டில் அல்லவா, பகலெல்லாம் ஹாரன். கேய்ஸ் காதைப் பொத்தியபடியே மதினி வைத்த மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஷைனி அண்ணனை, "மாமா, நல்லா இருக்கியளா?" என்று கேட்டதோடு சரி. அண்ணனும், "இருக்கேன் மக்கா" என்றதோடு சரி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டே உட்கார்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீலப் பெயிண்ட் அடித்த எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்து சிதறாலுக்குப் போனோம். கொல்லாமரம் என்று நாங்கள் சொல்லும் முந்திரிமரத்து நிழலில் கல் பாவிய வழி. மேலே பாறையைக் குடைந்து வரிசையாகச் சமணச் சிலைகள், கீழே தென்னந்தலைகளுக்கு நடுவே ஆறு. கேய்ஸ் பலகையை வாசித்துக் காலத்தைக் கணக்குப் போட்டார். பிறகு என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அவர் ஊர்ச் சுவருக்கு முதல் கல் வைப்பதற்குப் பல நூறு வருஷம் முந்தியே இந்தச் சிலைகள் இங்கே உட்கார்ந்தாயிற்று. எனக்கு வந்த கர்வத்தைக் கேட்கிறீர்களா? ஏதோ நானே உளி பிடித்துச் செதுக்கியதுபோல, "நான் அப்பவே சொல்லலியா?" என்றேன்.

"கொள்ளாம்டி. நீ இண்ணைக்குத்தான முதல்ல ஏறுத?" என்றார் அண்ணன். நல்லவேளை, தமிழில் சொன்னார்.

ஷைனியும் சிலைகளை ரசித்தாள்தான். இருந்தாலும் இறங்கும்போது ரூபனிடம் அந்தப் பெரிய சர்ச்சில் எந்தப் பக்கம் பூ வைப்பது என்றுதான் பேசிக்கொண்டு வந்தாள்.

5

மறுநாள்தான் என் துருப்புச்சீட்டு. பத்மநாபபுரம் அரண்மனை. முகம் தெரிகிற கறுப்புத் தரை, பூ வேலை செய்த மரக்கூரை எல்லாம் காட்டி கேய்ஸை மூர்ச்சையாக்க வேண்டும் என்று திட்டம். தக்கலையிலிருந்து உள்ளே போகும்போதே கோட்டை மதிலைக் காட்டி நீட்டி முழக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் போய் இறங்கினால் கதவு சாத்தியிருக்கிறது. திங்கட்கிழமை. ஆண்டாண்டாக அரண்மனைக்குத் திங்கட்கிழமை லீவு!

என் மானம் கப்பலேறியது. காவலுக்கு நின்றவரிடம், இவர்கள் கடல் கடந்து வந்திருக்கிறார்கள், ஒரு பத்து நிமிஷம் என்று கெஞ்சினேன். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பார்த்துக்கொள்வது கேரள சர்க்கார். அவர் மலையாளத்தில் சிரித்துக்கொண்டே நாளைக்கு வரச் சொன்னார்.

"திங்கக்கிழம அடப்புன்னு சின்னப்பிள்ளக்கும் தெரியும்" என்றார் அண்ணன்.

"பின்ன ஏன் அண்ணா வீட்டுலேயே சொல்லல்ல?"

"நீ கேட்டியா? ராணி மாதிரி முன்சீட்டுல ஏறி இருந்துட்டு அரமனைக்கு விடுங்கன்னு சொன்ன. விட்டேன்."

ரூபன் சிரித்தான். ஷைனி சிரிக்கவில்லை. 'இதுதான் உங்க ஊர்' என்று அவள் முகம் சொன்னது. அந்த இடத்தில் எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அண்ணன்தான் கேய்ஸின் தோளைத் தட்டி, அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில், "யுவர் மேன், ஹியர். கம்" என்றார். உங்கள் ஆள் ஒருவர் இங்கே இருக்கிறார் என்றால், ஏதோ டச்சுக்காரர் ஒருவர் பக்கத்தில் குடியிருக்கிறார் என்று கேய்ஸ் நினைத்துவிட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

6

வண்டி புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் போய் நின்றது. ஹைவேயை ஒட்டிய பெரிய கருங்கல் மதில். உள்ளே இப்போது வனத்துறைப் பூங்கா. மான், மயில், கூச்சல் போடும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மரங்களுக்கு நடுவே நடந்தால் கூரை போன, வேதக்காரர்களின் சின்ன சர்ச் ஒன்று. சுவர் மட்டும் நிற்கிறது. உள்ளே கல்லறைகள்; அதில் ஒன்று ஒரு டச்சுக் கப்பித்தானுடையது.

அண்ணன் கதையைச் சொல்ல, ஷைனி வேண்டா வெறுப்பாக டச்சில் திருப்பிச் சொன்னாள். குளச்சல் கடற்கரைக்கு டச்சுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். திருவிதாங்கூர் ராஜாவின் படை ஜெயித்து இந்தக் கப்பித்தானைப் பிடித்தது. ராஜா அவரைக் கொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடு என்றார். அவரும் கொடுத்தார், கோட்டையைப் பலமாக்கினார், படைக்கே தலைவரானார். சனங்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கப்பித்தான் என்றார்கள்.

"ஆனா வேதக்காரருல்லா, அரமனைக்குள்ள மட்டும் விடல்ல. இங்கயேதான் இருந்தாரு. அவரயே விடல்ல, பின்ன நம்ம சுகிர்தாவயா திங்கக்கிழம விடப்போறான்?" என்றார் அண்ணன். இதை மட்டும் ஷைனி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

பிறகு குரல் மாறி, "நம்ம பாட்டன்மாரயும் அந்தக் காலத்துல சாதி சொல்லி அரமனைக் கோட்டப் பக்கமே விடமாட்டானுவ. இண்ணைக்கு அந்த மதிலுக்குள்ள உள்ள பாதி வீட்டுக்குக் கதவுப் பூட்டு நம்ம கடச் சரக்கு" என்றார்.

கேய்ஸ் முழங்காலிட்டுக் கல்லின் மேல் கிடந்த சருகுகளைக் கையால் தள்ளினார். லத்தீன் எழுத்து. பக்கத்திலேயே தமிழும் இருந்தது. விரல் வைத்து மெல்ல வாசித்தார். வழியில் போகிறவரே நில்லும் என்று கல் சொல்கிறதாம். எஜமானுக்கு உண்மையாக இருந்தவர் என்று எழுதியிருக்கிறதாம். "நாங்கள் தோற்ற இடத்தில் எங்கள் ஆளுக்கு இப்படி ஒரு கல்லா!" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எழுந்து அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கல்யாணத்துக்கு நீங்கள் வரவேண்டும். எங்கள் ஊர்ச் சுவரையெல்லாம் நானே உங்களுக்குக் காட்டுகிறேன்."

ஷைனி அதைத் தமிழாக்கவில்லை. நேராகக் கேய்ஸிடம் டச்சில், "மாமா வரமாட்டார். என் பட்டமளிப்புக்கே வரவில்லை" என்றாள். அண்ணனுக்கு டச்சு தெரியாது. ஆனாலும் பிள்ளையின் முகம் தெரியுமே.

"என்ன சொல்லுதா?" என்றார் என்னிடம்.

"நீங்க வரமாட்டியளாம். அப்பமும் வரல்லியாம்" என்றேன். அண்ணன் அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு ஷைனி பக்கம் திரும்பினார்.

"வரணும்னுதான் மக்கா இருந்தேன். கோட்டும் தச்சேன். இவருக்க நாட்டு விசா ஆபீஸ்ல வேண்டாம்னுட்டானுவ. போனா நான் திரும்பி வரமாட்டேனாம். நானா! எனக்க கடயயும் தோப்பயும் உனக்க மாமியயும் விட்டுட்டு அந்தக் குளிருல போய்க் கெடப்பேனாம்." கல்லறையைக் கைகாட்டினார். "திரும்பிப் போவாத ஆளு ஆருன்னு இவரயே பாக்கச் சொல்லு. இந்தா கெடக்காரு. விசா கேட்டா வந்தாரு? சண்டைக்கு வந்தாரு. நாம போன்னு சொன்னோமா?"

கேய்ஸ், "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். ஷைனி சொல்ல ஆரம்பித்தாள். கோட்டு தைத்ததிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னாள். கேய்ஸின் முகம் செம்பருத்தியாய்ச் சிவந்தது. மன்னிப்பு கேட்பதுபோல அண்ணன் கையை மறுபடி பிடித்துக்கொண்டார்.

ஷைனி அண்ணனுக்கு நேரே போய் நின்றாள். "ஏன் மாமா எனக்கிட்ட சொல்லல்ல? சுகருன்னு சொன்னியளே. நான் உங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன்." இருபத்தாறு வயசுப் பெண், ஆறு வயசுப் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டதும் அண்ணனுக்குத் தாங்கவில்லை.

"உனக்கு அந்த நாட்டுல தல குனிவு வரப்பிடாது, அதான் மக்கா" என்றார்.

அவள் ரூபனை ஒரு ஓரமாய்க் கூட்டிக்கொண்டு போய்ப் படபடவென்று பேசினாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான், நேற்று போன அந்த நீலப் பெயிண்ட் சர்ச்சா என்று. ஆமாம் என்றாள். நான் கேய்ஸைப் பார்த்தேன். மகன் கல்யாணத்தைத் தன் சர்ச்சில் பார்க்க ஆசைப்பட்ட மனுஷன். முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்தது. "எங்கள் சர்ச் எங்கேயும் ஓடிப்போகாது. இத்தனை நூறு வருஷம் நின்றுவிட்டது, இன்னும் நிற்கும். இதற்கு நான் வருகிறேன்" என்றார்.

ஷைனி திரும்பி வந்தாள். "மாமா, எனக்குக் கல்யாணம் இங்க. நம்ம சர்ச்சுல. சீல நீங்க எடுக்கணும்."

கட்டிப்பிடிப்பார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். "மே மாசம்னா இப்பவே சொல்லணும், இல்லன்னா பந்தல்காரன் கிட்டமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு முதுகைக் காட்டி மதிலோரமாக நடந்துபோய்விட்டார். தோளிலிருந்த துண்டு இரண்டு தடவை முகத்துக்குப் போய் வந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். கோட்டைக்குள் அண்ணன் போட்ட சத்தத்தில் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் தலையைத் தூக்கின.

"லேய், பந்தலு ஜங்ஷன் வரைக்கும் வேணும், கேட்டியா? ஹாலண்டுலேர்ந்து ஆளு வாரானுவ. ரேட்டு பொறவு பேசுவோம்... ஆருக்க கல்யாணமா? எனக்க ஷைனிக்குடே! பெண்ணுக்க மாமன் நானாக்கும்!"